வெள்ளம் குடித்த எஞ்சின்: வாசகர் கேள்வி–பதில்

ஆனி, ஆடிக் காற்றுக்காலத்தில் நமக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே சங்கதியாகத்தான் இருக்கும். நீரோடியில் தொடங்கி குளச்சல் வரை, அந்தப் பக்கம் பொழியூர், பூவாறு வரை, யாருடைய மிஷினாவது நனைந்திருக்கும். இந்தக் கரையில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், கடல் தண்ணீரும் வெள்ளம்தான். கடிதங்களில் வந்தபடியே அந்தச் சொல்லை விட்டுவைத்திருக்கிறோம்.

தேங்காய்பட்டணம் முகத்துவாரத்துல திரை அடிச்சு வள்ளம் கவிழ்ந்துட்டு. ஆளுகளுக்கு ஒண்ணும் இல்ல. 9.9 எச்.பி. ரெண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் மிஷின், ஓடிக்கிட்டு இருக்கும்போதே முங்கிட்டு. ரெண்டு மணிக்கூர் கழிச்சு கரையில இழுத்துப் போட்டு கயிறு இழுத்துப் பாத்தோம், அனங்கல. பிளக்கை மாத்தி ஸ்டார்ட் ஆக்கலாமா?
– வாசகர், இரயுமன்துறை

முதலில் கயிற்றை விடுங்கள். அனங்காத (அசையாத) மிஷினை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் அனங்கும். ஆனால் உள்ளே ஏதாவது வளைந்துதான் அனங்கும். சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்தி ஒடுக்க முடியாது. காற்று ஒடுங்கும், தண்ணீர் ஒடுங்காது. இழுத்த விசை முழுவதும் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் போய் இறங்கும்.

நின்றிருந்த மிஷின் முங்கினால் தண்ணீர் மெதுவாகக் கசிந்து ஏறியிருக்கும். உங்களுடையது ஓடிக்கொண்டே முங்கியது, அதாவது தண்ணீரைத் தானே உறிஞ்சிக் குடித்திருக்கிறது. ராட் ஏற்கெனவே வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைக் கண்டுபிடிக்க முதல் வழி இது. ஸ்டாப் சுவிட்சின் கிளிப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் வயர்களின் முனையை எஞ்சின் பாடியோடு சேர்த்துக் கட்டுங்கள். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுற்றினால் சி.டி.ஐ. (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) போகலாம், பெட்ரோல் ஆவி நிற்கிற இடத்தில் பொறியும் பறக்கும். பிறகு மேல்மூடியைக் கழற்றி, எஞ்சின் உச்சியில் இருக்கும் ஃபிளைவீல் சக்கரத்தைக் கையால் பிடித்து, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாக, மெதுவாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றாதீர்கள், கீழே வாட்டர் பம்பின் ரப்பர் இறக்கைகள் மடங்கிவிடும். பிளக் துளையில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும், முகத்தைக் காட்டாதீர்கள். முழுச்சுற்று தடையில்லாமல் வந்தால் நல்ல செய்தி. ஒரே இடத்தில் வந்து வந்து முட்டினால் அல்லது உரசினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். தலையைப் பிரித்துப் பார்க்காமல் அந்த மிஷினுக்கு வேறு வைத்தியம் இல்லை.

இனி நேரக் கணக்கு. மிஷின் தண்ணீருக்குள் கிடக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வெளியே எடுத்து, உப்பு ஈரத்தின் மேல் காற்று பட்டதும் வேகம் எடுக்கும். 2 ஸ்ட்ரோக் மிஷினில் கிராங்க் கேஸுக்குள் ஆயில் தேங்கி நிற்பது கிடையாது. எரிபொருளோடு வரும் 2டி ஆயிலின் மெல்லிய படலம் மட்டும்தான் ஊசி பேரிங்குகளுக்குப் பாதுகாப்பு. கடல்தண்ணீர் அதைக் கழுவி விட்டுவிடும். பேரிங் ஊசியில் ஒரு புள்ளித் துரு விழுந்தால் போதும். இன்றைக்கு மிஷின் ஓடும், சில வாரம் கழித்துக் கரகரவென்று சத்தம் வரும், அப்புறம் நடுக்கடலில் ராட் முறியும். கரைக்கு எடுத்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கீழே சொல்லும் வேலை முடிந்திருக்க வேண்டும்.

முடியாது, மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார் என்றால் மிஷினை மறுபடியும் தண்ணீருக்குள் போடுங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. நல்ல தண்ணீர் நிரப்பிய சிமென்ட் தொட்டியில் தலை முழுக முங்கும்படி கிடத்துங்கள். வெயிலில் மணல்மேல் காயப்போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான காரியம்.

வேலை இப்படி. மிஷினை முதலில் நேராக நிறுத்தி, மிஷினின் காலில், அதாவது கடலுக்குள் இறங்கி நிற்கும் கீழ்ப்பகுதியில், நிற்கும் தண்ணீர் முழுவதும் வடிய விடுங்கள். தலை கீழேயும் கால் மேலேயுமாகப் படுக்க வைத்தால் புகைபோகும் வழியில் கிடக்கும் தண்ணீர் திரும்பவும் சிலிண்டருக்குள் போகும். கவனிக்காமல் செய்யும் தப்பு இது. அடுத்து நல்ல தண்ணீர். உள்ளே வெளியே எல்லாம் தாராளமாக, கார்பரேட்டர் வாய் வழியாகவும் பிளக் துளை வழியாகவும் ஊற்றி, கையால் ஃபிளைவீலைச் சுற்றிச் சுற்றி வெளியேற்றுங்கள். “ஏற்கெனவே நனைந்ததற்கு மறுபடியும் வெள்ளமா?” என்று வீட்டில் கேட்பார்கள். உப்பு பெட்ரோலிலும் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது, ஆயிலிலும் கரையாது. நல்ல தண்ணீரில் மட்டும்தான் கரையும். இதைச் செய்யாமல் நேரே ஆயில் ஊற்றினால் உப்பைப் பத்திரமாக உள்ளே மூடி வைத்ததுபோல் ஆகும்.

பிறகு பிளக் துளைகள் தரையைப் பார்க்கும்படி மிஷினைக் கிடத்தி, இருபது முப்பது முறை மெதுவாகச் சுற்றுங்கள். கிராங்க் கேஸில் நிற்கும் தண்ணீர் சிலிண்டர் வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அதனால் பொறுமை வேண்டும். சொட்டு நின்றதும் துளைகளை மேலே திருப்பி, சிலிண்டருக்கு 50 மி.லி. வீதமும் கார்பரேட்டர் வாயில் அதே அளவும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிச் சுற்றி வடித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் ஈரத்தை ஸ்பிரிட் தன்னோடு கலந்து இழுத்துக்கொண்டு போகும். பெயின்ட் கடைத் தின்னர் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும். கடைசியாக 2டி ஆயில், சிலிண்டருக்கு இரண்டு கரண்டி, கார்பரேட்டர் வாயில் கொஞ்சம். மறுபடியும் சுற்றி எல்லாப் பக்கமும் பூசுங்கள். இந்த நிலைக்கு வந்துவிட்டால் மூச்சு விடலாம், மீதி வேலை மறுநாளைக்குக் கூட ஆகலாம்.

மீதி என்றால்: கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி ஜெட்டுகளை ஊதுங்கள். பெட்ரோல் பைப், ஃபில்டர், பம்ப் எல்லாம் வடிக்க வேண்டும். டேங்க்கில் இருந்ததை நம்பாதீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் கீழே தனி அடுக்காக நிற்கும். வயர் கனெக்டர்களைப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பூட்டுங்கள். சி.டி.ஐ. பெட்டிக்குள் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், அதற்குள் தண்ணீர் போவது அரிது. பிளக்கில் பொறி வரவில்லை என்றால் உடனே சி.டி.ஐ. வாங்க மார்த்தாண்டத்துக்கு ஓட வேண்டாம். ஸ்டாப் சுவிட்சிலிருந்து வரும் வயரைக் கனெக்டரில் பிரித்துவிட்டு ஒரு முறை பாருங்கள். பல நேரம் குற்றவாளி அந்தச் சுவிட்ச்தான். உள்ளே தண்ணீர் நின்று எப்போதும் ‘நிறுத்து’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பொறி வந்தால் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும்வரை மிஷினை நிறுத்த சோக்கை இழுங்கள், ஸ்டாப் சுவிட்ச் இல்லாமல் கடலுக்குப் போகாதீர்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது புது பிளக், புது பெட்ரோல். இந்த மிஷின் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெய்க்கு மாறும் வகை, ஆனால் முதல் ஒரு மணி நேரம் மண்ணெண்ணெய்க்கு மாற்றவே வேண்டாம். உங்கள் மிஷினுக்குப் பெட்ரோலில் 50-க்கு 1 என்று ஆயில் கலப்பதாக இருந்தால் இப்போது 25-க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 200 மி.லி. போடும் இடத்தில் 400 மி.லி. புகை தள்ளும், தள்ளட்டும். மிஷினின் கால், நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் முங்கியிருக்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் துளைக்கு மேல் மட்டம் நிற்க வேண்டும். பத்து நிமிடம் மெதுவாக, பிறகு வள்ளத்தில் மாட்டி, பொழிக்குள் (கடலோடு சேரும் காயலுக்குள்) அமைதியான தண்ணீரில் பாதி வேகத்தில் ஒரு மணி நேரம். உள்ளே ஒட்டியிருக்கும் கடைசி ஈரம் இந்தச் சூட்டில்தான் போகும். ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று ஐந்து நிமிடத்தில் நிறுத்திவைத்தால் பாதி வேலை வீண். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் நீர்த்துளியோ வெள்ளைப் படிவோ இருந்தால் தண்ணீர் இன்னும் எங்கிருந்தோ வருகிறது.

சி.டி.ஐ. பெட்டியை அரிசி மூட்டையில் போட்டு வைக்கலாமா? போனுக்கு அப்படித்தானே செய்கிறோம்.
– வாசகர், குறும்பனை

அரிசியைச் சோறாக்குங்கள். உப்பு இருக்கும்வரை எந்த அரிசியும் உதவாது, ஈரக்காற்று பட்டதும் உப்பு மறுபடியும் ஈரம் வாங்கும். கழுவி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள். அவ்வளவுதான்.

ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் போட்ட விசைப்படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. ராத்திரி ஸ்டெர்ன் கிளாண்ட் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடத்து அடைப்பு) வழியாக வெள்ளம் கயறி (ஏறி), காலையில் பார்க்கும்போது எஞ்சின் பாதி முங்கிக் கிடந்தது. ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது. ஆயில் கேஜ் பார்த்தால் மேல் கோட்டுக்கும் மேலே நிற்கிறது. ஆயிலை மட்டும் மாற்றினால் போதுமா, பிரிக்க வேண்டுமா?
– படகு உரிமையாளர், தூத்தூர்

தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதில்தான் பதில் இருக்கிறது. பம்ப் போட்டு இறைப்பதற்கு முன்பே எஞ்சின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் படத்துக்கு வேலை உண்டு. இல்லாவிட்டாலும் அடுத்த நாள் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தக் கோடுதான் பதில்.

கோடு ஏர் ஃபில்டர் வாய்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களின் புகை சேர்ந்து வெளியேறும் குழாய்) கீழே நின்றால் சிலிண்டர்கள் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். தண்ணீர் கேஜ் குழாய் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி இறங்கும் குழாய்) வழியாகவோ, பிரீதர் (எஞ்சின் மூச்சு விடும் துளை) வழியாகவோ, பின் கிராங்க் சீல் வழியாகவோ சம்புக்குள் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போயிருக்கும். அந்தச் சீல் உள்ளே இருக்கும் ஆயிலைத் தடுக்கச் செய்தது, வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்க அல்ல. கோடு மேனிஃபோல்டுக்கு மேலே போயிருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

பாட்டரியை நெகட்டிவ் முதலில் கழற்றுங்கள். பாட்டரியும் முங்கியிருந்தால் கேபினின் மூடியைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் வந்த பிறகு இறங்குங்கள். உப்புத்தண்ணீர் பாட்டரிக்குள் போனால் குளோரின் வாயு வரும், அடைந்த எஞ்சின் அறையில் அது நெஞ்சைப் பிடிக்கும்.

நிற்கிற எஞ்சினில் ஆயிலும் தண்ணீரும் கலந்திருக்காது. ஆயில் மேலே, தண்ணீர் அடியில். இந்த ஒரு காரணத்துக்காகவே யாரும் செல்ஃபைத் தொடக்கூடாது. ஒரு நிமிடம் ஓடினால் போதும், இரண்டும் அடித்துக் கலந்து பால் சாயா நிறத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு பிரிப்பது பெரும்பாடு. படகில் சம்பு பிளக் கைக்கு எட்டாது என்பதால் கேஜ் குழாய் வழியாக உறிஞ்சுகுழாயை அடிவரை தள்ளி, கைப்பம்பால் இழுங்கள். முதலில் தெளிந்த தண்ணீர், பிறகு கலங்கல், பிறகு ஆயில் வரும். வந்ததை அளந்து பாருங்கள். சம்பு கொள்ளளவு 16 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 21 லிட்டர் வந்தால் 5 லிட்டர் தண்ணீர். இறைத்த ஆயிலைத் துறைமுகத்துக்குள் கொட்டாதீர்கள், பழைய ஆயில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டரையும் கழற்றுங்கள். கிராங்க் புல்லி நட்டில் நீளமான கைப்பிடி போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று. எந்தத் துளையிலிருந்து தண்ணீர் வந்தது என்று குறித்துவையுங்கள். வந்திருந்தால் அந்தச் சிலிண்டர்களுக்குக் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து 30 மி.லி. ஊற்றி, மறுபடியும் கையால் சுற்றி, துளை வழியாக வெளியேற்ற வேண்டும். ஊற்றியதை உள்ளேயே விட்டு இன்ஜெக்டரைப் பூட்டினால் தண்ணீர் செய்யும் அதே வேலையை ஆயிலும் செய்யும். இன்ஜெக்டருக்கு அடியில் போடும் செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும்.

இனி சம்பில் ஆயில் ஊற்றி, ஓட்டி, வடித்து உள்ளே கழுவ வேண்டும். இந்தச் சுத்தமாக்கும் ஆயிலாக விலை குறைந்த 15டபிள்யூ-40 போதும். டீசல் கலந்தே ஆக வேண்டும் என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சம்பில் முழுக்க டீசலை ஊற்றி ஸ்டார்ட் செய்து கழுவும் பழக்கம் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறது. பேரிங்குக்கு வேண்டிய கனம் டீசலுக்குக் கிடையாது. அதோடு பிரீதர் வழியாக அந்த டீசல் ஆவி உள்ளே இழுக்கப்பட்டால் எஞ்சின் தானாக வேகம் எடுத்து ஓடும், டீசலை அடைத்தாலும் நிற்காது.

முதல் ஓட்டம் சுமையில்லாமல் ஐந்து நிமிடம். ஆயில் பிரஷர் உடனே ஏறுகிறதா பாருங்கள், ஏறாவிட்டால் நிறுத்துங்கள். வடித்து, ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டரின் காகிதம் தண்ணீரைக் குடித்து ஊதி அடைத்துக்கொள்ளும். பிறகு பைபாஸ் வால்வ் திறந்து, வடிகட்டாத ஆயில் நேரே பேரிங்குக்குப் போகும். ஆயிலை மாற்றி ஃபில்டரை விட்டுவிடுவது மிச்சம் பிடித்தது ஆகாது. இரண்டாவது ஆயிலில் இருபது முப்பது நிமிடம், படகைக் கரையோடு இறுக்கிக் கட்டி, முன் கியரில் இலேசான சுமையோடு. வெறும் ஐடிலில் எஞ்சின் சூடே ஏறாது, ஈரம் போகாது. சூடாக இருக்கும்போதே வடியுங்கள். மூன்றாவது ஆயிலிலும் கேஜ் கம்பி பால் நிறம் காட்டவில்லை என்றால் நல்ல ஆயிலை ஊற்றலாம். காட்டினால் நான்காவது. சந்தேகம் தீர, ஒரு சொட்டு ஆயிலை அடுப்பில் நன்றாகக் காய்ந்த கரண்டியில் விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது, சும்மா புகைந்தால் இல்லை. நல்ல ஆயிலையும் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

செல்ஃப் மோட்டார் பெரும்பாலும் எஞ்சினின் தாழ்ந்த பகுதியில் இருப்பதால் அதுதான் முதலில் முங்கும். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கார்பன் பிரஷ்ஷும் பினியனும் பார்க்காமல் 12 வோல்ட் கொடுக்காதீர்கள். ஆல்டர்னேட்டருக்கும் அதே. கியர் பாக்ஸை மறந்துவிடுவார்கள். அதற்கும் பிரீதர் உண்டு, அதன் ஆயிலிலும் தண்ணீர் இருக்கும். டீசல் பம்பின் கேம் பெட்டியில் தனி ஆயில் இருக்கும் வகை என்றால் அதையும் மாற்றுங்கள்.

ஒரு வார்த்தை. எஞ்சின் முங்காமலே ஆயில் பால் நிறத்துக்கு வந்தால் அது வேறு நோய்: ஆயில் கூலர் ஓட்டை அல்லது ஹெட் கேஸ்கெட். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் களி, கேஜ் கம்பியில் ஆயில் தெளிவு என்றால் அது நோயே இல்லை. குறுகிய ஓட்டம் ஓடி, சூடாகாமல் நிறுத்தும் எஞ்சினில் வியர்வை அப்படிப் படியும்.

பூவாறு பொழியில் பயணிகள் படகு ஓட்டுகிறோம். உள்ளே வைத்த டீசல் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் கால் மணி நேரம் செல்ஃப் அடித்தோம். கடைசியில் ‘டக்’ என்று நின்றது, அப்புறம் செல்ஃப் சுற்றவே இல்லை. பாட்டரி நல்ல சார்ஜ். படகில் ஒரு சொட்டு வெள்ளம் ஏறவில்லை, பிறகு எப்படி?
– வாசகர், பொழியூர்

நீங்களே ஊற்றியிருக்கிறீர்கள். எக்ஸாஸ்ட் குழாயில் கடல்தண்ணீர் கலந்து வெளியே போகும் வகை எஞ்சின் உங்களுடையது. செல்ஃப் சுற்றும்போதெல்லாம் தண்ணீர் பம்பும் சேர்ந்து சுற்றி, சைலன்சருக்குள் தண்ணீரை நிரப்பும். எஞ்சின் ஓடினால்தான் புகையின் விசை அதை வெளியே தள்ளும். ஓடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் சைலன்சர் நிறைந்து, தண்ணீர் பின்னோக்கி எக்ஸாஸ்ட் வால்வ் வழியாகச் சிலிண்டருக்கு வரும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் தெரியுமா? 660 சி.சி. சிலிண்டர், அழுத்த விகிதம் 17.5 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் 40 மி.லி. மட்டும். மூன்று மேசைக்கரண்டிகூட இல்லை.

இப்போது இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள், முந்தைய பதிலில் சொன்னபடி. சைலன்சரின் அடி பிளக்கைத் திறந்து வடியுங்கள். ஆயிலையும் பாருங்கள், பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கியிருக்கும். செல்ஃப் சுற்றும் வேகத்தில் முட்டியதால் ராட் தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம். அளந்து பார்ப்பது எப்படி என்று கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

இனிமேல் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி. மூன்று தடவையில் பிடிக்கவில்லை என்றால் கடல்தண்ணீர் வால்வை மூடிவிட்டு, டீசலில் என்ன கோளாறு என்று பாருங்கள். எஞ்சின் பிடித்த உடனே வால்வைத் திறக்க வேண்டும், தாமதித்தால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து உரிந்துபோகும். மறந்துபோகும் என்று பயமிருந்தால் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே தொங்கவிடுங்கள். அப்படியே, எஞ்சின் நின்ற பிறகு கடல்தண்ணீர் தானாக உள்ளே இழுக்காமல் தடுக்கும் சைஃபன் உடைக்கும் வளைவின் உச்சியில் இருக்கும் சின்ன வால்வையும் கழற்றிக் கழுவுங்கள். உப்பு படிந்து அது அடைத்துவிட்டால், நின்றுகிடக்கும் எஞ்சினுக்குள்ளும் ராத்திரி முழுக்கத் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு வரும்.

டீசல் டேங்க்கில் வெள்ளம் போய்விட்டது. மேலே நிற்கும் டீசலை மட்டும் எடுத்து ஓட்டலாமா?
– வாசகர், மார்த்தாண்டன்துறை

ஒரு ராத்திரி அசையாமல் நின்றால் தண்ணீர் அடியில் போய்விடும், மேலே உள்ளதை எடுத்துத் துணியில் வடிகட்டி வேறு கேனில் வைக்கலாம். ஆனால் அதே டேங்க்கிலிருந்து நேரே ஓட்டாதீர்கள். கடலில் படகு ஆடினால் அடியில் இருப்பது மேலே வரும். டேங்க்கை முழுக்கக் காலி செய்து, துடைத்து, காற்றுக்குழாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் திரை அடிக்கும் பக்கம் பார்த்து நிற்கும், தண்ணீர் வந்த வழியும் அதுவே.

டீசல் பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும், அது ஓடும் உருளையான பேரலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கு. டீசலே அதற்கு உயவு. தண்ணீர் அங்கே போய் ஒரு நாள் நின்றால் பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும், பம்பைத் தூக்கிக்கொண்டு காலிபரேஷன் கடைக்குப் போக வேண்டியதுதான். அதனால் ஃபில்டர்களை மாற்றி, நல்ல டீசல் ஊற்றி, ஃபில்டர் மேல் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பு அடியுங்கள், குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை. பிறகு இன்ஜெக்டர் முனையில் பைப் நட்டுகளைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றுங்கள், ஒவ்வொன்றிலும் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அந்த நேரத்தில் பைப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

அவுட்போர்டு மிஷினின் கியர் ஆயில் வெள்ளையாக வருகிறது. மிஷின் முங்கவே இல்லையே?
– வாசகர், வள்ளவிளை

புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல். புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள், அறுந்த நூல்வலை சுற்றிக்கொண்டு சீலுக்குள் வெட்டியிருக்கும். சீலை மாற்றிய பிறகு கியர் ஆயிலை மேல் துளையில் ஊற்றாதீர்கள், காற்று அடைத்துப் பாதிதான் நிறையும். கீழ்த் துளையிலிருந்து பம்ப் செய்து, மேல் துளையில் வழிந்ததும் முதலில் மேல் திருகைப் பூட்டி, பிறகு கீழ்த் திருகு. திருகின் வாஷரை மாற்றாமல் விட்டால் அடுத்த மாதமும் இதே கேள்வியை எழுதுவீர்கள்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. அந்த 61 நாளில் பழைய டீசல் எஞ்சின் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். முங்கி எடுத்த எஞ்சினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சின்னத்துறை

புதுப் பெயின்ட் அடித்திருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். பெயின்ட் போகாத இடங்களைத்தான் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாரின் பின்மூடித் திருகுகள், ஆல்டர்னேட்டருக்குள் டார்ச் அடித்தால் தெரியும் செம்புச் சுற்று, வயர் முனையின் ரப்பரை அரை அங்குலம் உரித்தால் உள்ளே வரும் பச்சை. வயர் உள்ளே பச்சையாகியிருந்தால் அது உப்புத்தண்ணீரில் கிடந்ததோ என்று பலமாகச் சந்தேகப்படுங்கள், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் சரி. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ராக்கர் கம்பிகளில் துருப்புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து வளைந்த ராட். வளைந்த ராடோடும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடும். கொஞ்ச காலம் ஓடிய பிறகுதான் முறிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இன்ஜெக்டர்களைக் கழற்ற விடுகிறார்களா என்று கேளுங்கள். விட்டால், நேரான பித்தளைக் கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது துளையின் விளிம்பில் கம்பியில் கோடு போடுங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1-ம் 6-ம், 2-ம் 5-ம், 3-ம் 4-ம் சேர்ந்து சேர்ந்து மேலே வரும் என்பதால் ஜோடி ஜோடியாக அளந்துவிடலாம். வெர்னியரில் பாருங்கள். எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால் அந்த ராட் வளைந்து குட்டையாகியிருக்கிறது. கம்பி எப்போதும் துளையில் ஒரே சாய்வில் இறங்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பும். பிரி-சேம்பர் வகை எஞ்சினில் (டீசல் முதலில் தலையில் உள்ள தனிச் சிற்றறைக்குள் போகும் வகை) இந்த வழி நடக்காது, அங்கே சிலிண்டரின் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ்தான்.

இன்ஜெக்டரைக் கழற்ற விடமாட்டேன் என்பவரிடம், ராட், பேரிங், செல்ஃப், டீசல் பம்ப் வேலைக்கான செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாயா குடித்துவிட்டு அடுத்த படகைப் பாருங்கள், ஜூலை முடிய இன்னும் நாள் இருக்கிறது.